மூன்று பூனைகளும் 530 வீடுகளும்: கலிஃபோர்னியாவில் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் அதிகார எல்லை

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் கல்வர் சிட்டி என்ற ஊரில் லேக்சைட் வில்லேஜ் என்ற காண்டோ குடியிருப்பு, அதாவது ஒவ்வொரு வீடும் தனித்தனி உரிமையாளருக்குச் சொந்தமான அடுக்குமாடிக் குடியிருப்பு, உள்ளது. மூன்று தளங்கள் கொண்ட 12 கட்டடங்கள், மொத்தம் 530 வீடுகள். 1988 ஜனவரியில் அங்கே ஒரு வீட்டை வாங்கிய நார்ஸ்டெட் என்ற பெண், தன் மூன்று பூனைகளோடு குடியேறினார். பூனைகள் வெளியே விடப்படவில்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தன. குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குத் தெரிந்ததும் பூனைகளை அகற்றச் சொன்னது. அவர் மறுத்தார். மாதா மாதம் அபராதம் விழுந்தது. அவர் நீதிமன்றம் போனார். 1994 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புதான் ‘நார்ஸ்டெட் எதிர் லேக்சைட் வில்லேஜ் காண்டோமினியம் அசோசியேஷன்’. வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதி செல்லுமா என்ற கேள்வி அமெரிக்காவில் எங்கே எழுந்தாலும் இந்த வழக்கின் பெயர் அடிபடும்.

பூனையை வைத்துக்கொள்ளலாமா என்பது இந்த வழக்கில் சின்ன விஷயம். ஒரு தடை எந்த ஆவணத்தில் இருக்கிறது, அது எப்படி அங்கே வந்தது, அதை எதிர்ப்பவர் யாருடைய நிலைமையைக் காட்டி வாதாட வேண்டும் என்ற மூன்றையும் மாநிலச் சட்டம் எப்படித் தீர்மானிக்கிறது என்பதே இதில் பார்க்க வேண்டியது.

வழக்கு வந்த வழி

குடியிருப்பின் பிரகடனத்தில், அதாவது வீடுகளின் பயன்பாட்டுக் கட்டுப்பாடுகளைச் சொல்லும், வீட்டுக்காரர்கள் சி.சி.ஆர். (CC&R) என்று அழைக்கும் ஆவணத்தில், ஒரு தடை இருந்தது. நாய், பூனை, கால்நடை, ஊர்வன, கோழி வகை எதையும் வீட்டில் வைக்கக் கூடாது. வளர்ப்பு மீனும் பறவையும் வைத்துக்கொள்ளலாம். வீட்டை வாங்கும்போது இந்தத் தடை தனக்குத் தெரியாது என்றார் வாதி. இதைச் சட்டம் ஏற்பதில்லை. கவுண்டி பதிவாளரிடம் பதிவான பிரகடனத்தைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் வாங்கியவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் கொள்ளும்.

அவர் சங்கத்தின் மீதும், அதன் பொறுப்பாளர்கள் மீதும், இரண்டு ஊழியர்கள் மீதும் வழக்குத் தொடுத்தார். அபராதங்கள் செல்லாது என்று அறிவிக்க வேண்டும், இனியும் போடத் தடை விதிக்க வேண்டும், வீட்டுக்குள் எட்டிப் பார்த்துத் தனியுரிமையில் தலையிட்டதற்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு வேண்டும் என்று கேட்டார். தன் பூனைகள் சத்தம் போடவில்லை, யாருக்கும் தொல்லை தரவில்லை, ஆகவே தன் விஷயத்தில் இந்தத் தடை நியாயமற்றது என்பது அவருடைய மைய வாதம்.

சங்கம் சாட்சி விசாரணை வரை போகவே விடவில்லை. மனுவில் சொன்னதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டாலும் வழக்குக்கு இடமில்லை என்ற ஆட்சேபத்தை எழுப்பியது. விசாரணை நீதிமன்றம் அதை ஏற்று வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டு நீதிமன்றம், நீதிபதிகளிடையே கருத்து பிளந்த நிலையில், தீர்ப்பைப் புரட்டிப் போட்டது: தடை நியாயமானதா என்பது அந்தந்த வீட்டின் நிலைமையைப் பொறுத்தது, எனவே விசாரிக்க வேண்டும் என்றது. சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இந்தப் பின்னணியைக் கவனிக்காமல் தீர்ப்பைப் படிப்பவர்கள், “பூனை தொல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது” என்று எழுதுகிறார்கள். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. அந்த மூன்று பூனைகள் தொல்லையா இல்லையா என்பது இந்த வழக்கில் பொருட்டே இல்லை என்றது. உரிமையாளருக்கு இதுதான் பெரிய அடி.

சங்கத்துக்கு அதிகாரம் கொடுத்தது யார்

சங்கம் ஒரு தனியார் அமைப்பு. பெரும்பாலும் லாப நோக்கற்ற கார்ப்பரேஷனாகப் பதிவாகியிருக்கும். ஆனாலும் கட்டணம் வசூலிக்கிறது, அபராதம் போடுகிறது, கட்டணம் கட்டாதவரின் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரவும் முடிகிறது. கலிஃபோர்னியாவில் இந்த அதிகாரத்துக்கு வரம்பு கட்டுவது டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டம். 1985-இல் நிறைவேறியது, 2014 ஜனவரி 1 முதல் புதிய எண்களோடு சிவில் சட்டத் தொகுப்பில் பிரிவு 4000 முதல் 6150 வரை இருக்கிறது. பழைய தீர்ப்புகளில் 1354 என்று வருவதை இன்றைய தொகுப்பில் 5975-இல் தேட வேண்டும். பழைய எண்ணையே போட்டு கடிதம் அனுப்பும் சங்கங்கள் இன்னும் இருக்கின்றன. அதனால் கடிதம் செல்லாமல் போகாது, ஆனால் எழுதியவர் புதிய சட்டத்தைத் திறந்து பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

பிரிவு 4205 ஆவணங்களின் வரிசையைச் சொல்கிறது. மேலே சட்டம். அதற்குக் கீழே பதிவான பிரகடனம். பிறகு சங்கத்தைப் பதிவு செய்த ஆவணம், பிறகு துணைவிதிகள், கடைசியில் நிர்வாகக் குழு போடும் நடைமுறை விதிகள். கீழே இருப்பது மேலே இருப்பதோடு முட்டினால் கீழே இருப்பது விழும். சங்கத்தின் கடிதம் கையில் கிடைத்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இந்தத் தடை எந்த ஆவணத்தில், எந்தப் பத்தியில் இருக்கிறது?” என்பதுதான். பல தகராறுகள் இந்த ஒரு கேள்வியிலேயே பாதி தீர்ந்துவிடும். ‘குடியிருப்பின் கொள்கை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது, எப்போதோ ஒரு கூட்டத்தில் பேசி நோட்டீஸ் பலகையில் ஒட்டிய தாளாகவே இருந்துவிடுவது உண்டு.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதியது ஃபுளோரிடாவின் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம். 1981-இல் ‘ஹிடன் ஹார்பர் எஸ்டேட்ஸ் எதிர் பாஸோ’ வழக்கில். பிரகடனத்திலேயே உள்ள தடை செல்லும் என்ற வலுவான அனுமானத்தோடு வருகிறது. கொஞ்சம் நியாயக் குறைவு இருந்தாலும் தாக்குப்பிடிக்கும். நிர்வாகக் குழு பின்னால் போட்ட விதியோ நியாயமானது என்ற சோதனையைத் தாண்டியாக வேண்டும். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டை நார்ஸ்டெட் வழக்கில் எடுத்து ஆண்டது.

உச்ச நீதிமன்றத்தின் அளவுகோல்

அன்றைய பிரிவு 1354, பிரகடனத்தில் உள்ள கட்டுப்பாடுகள் “நியாயமற்றவையாக இல்லாதவரை” எல்லா உரிமையாளர்களையும் கட்டுப்படுத்தும் என்றது. ‘நியாயமற்றது’ என்பதை யாரை வைத்து அளப்பது? நீதிபதி ஜாய்ஸ் கென்னார்ட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்ன பதில்: குடியிருப்பு முழுவதையும் வைத்து. வழக்குப் போட்ட ஒருவரின் வீட்டையும் அவருடைய பூனையின் குணத்தையும் வைத்து அல்ல.

பதிவான தடை செல்லும் என்றே நீதிமன்றம் தொடங்கும். செல்லாது என்று நிரூபிப்பது எதிர்ப்பவரின் பொறுப்பு. அதற்கு மூன்று வழிகள்தான் உண்டு. தடைக்கு எந்தக் காரணமும் இல்லை, தன்னிச்சையானது என்று காட்டலாம். அடிப்படையான பொதுக் கொள்கையை மீறுகிறது என்று காட்டலாம். ஒரு இனத்தாருக்கு விற்கக் கூடாது என்ற பழைய நிபந்தனைகள் இந்த வழியில் விழுந்தவை. அல்லது, வீட்டின் பயன்பாட்டின் மீது அது சுமத்தும் பாரம் குடியிருப்புக்குக் கிடைக்கும் நன்மையைவிட மிக அதிகம் என்று காட்டலாம். மூன்றாவது வழியிலும் எடை போடப்படுவது 530 வீடுகளின் பாரமும் நன்மையும்.

இந்த அளவுகோலில் பூனைத் தடை எளிதாக நின்றது. சுவரோடு சுவர் ஒட்டி வாழும் இடத்தில் சுகாதாரம், சத்தம் ஆகியவற்றுக்கும் தடைக்கும் தொடர்பு இருக்கிறது, அது போதும். வளர்ப்புப் பிராணி வைத்துக்கொள்வதற்கு அரசியல் சட்ட உரிமை எதுவும் இல்லை என்றும் நீதிமன்றம் சொன்னது. கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றி, வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

பெரும்பான்மை சொன்ன காரணங்களில் பணம் பற்றியது அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் எனக்கு அதுதான் மற்றவற்றைவிடக் கனமாகப் படுகிறது. ஒவ்வொரு உரிமையாளரும் தன் நிலைமை தனி என்று விசாரணை கோர முடிந்தால், ஒவ்வொரு தடையையும் அமல்படுத்த ஒரு வழக்கு நடத்த வேண்டியிருக்கும். அந்தச் செலவு சங்கத்தின் கணக்கிலிருந்து, அதாவது மற்ற உரிமையாளர்களின் மாதக் கட்டணத்திலிருந்து போகும். அதற்கு அஞ்சி சங்கம் விதியைக் கைவிட்டால், அந்த விதியை நம்பி வீடு வாங்கியவர்கள் ஏமாந்து போவார்கள்.

இந்தத் தீர்ப்பு இரண்டு முந்தைய தீர்ப்புகளின் காலை வாரியது. ஒன்று 1987-இன் ‘பெர்னார்டோ வில்லாஸ்’ வழக்கு. சொந்த உபயோகத்துக்கான பிக்கப் டிரக்கை நிறுத்தத் தடை செல்லாது என்றது. மற்றொன்று 1992-இன் ‘போர்டோலா ஹில்ஸ்’ வழக்கு. யார் கண்ணிலும் படாத டிஷ் ஆன்டெனாவைத் தடுப்பது நியாயமல்ல என்றது. இரண்டும் ஒற்றை வீட்டின் நிலைமையைப் பார்த்துத் தீர்ப்பளித்தவை. அந்த அணுகுமுறை தவறு என்று உச்ச நீதிமன்றம் ஒதுக்கியது. இன்றும் உரிமையாளர்கள் எழுதும் கடிதங்களில் இந்த இரண்டையும் ஆதாரமாகக் காட்டுவதுண்டு. காட்டினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சம்.

ஏழு நீதிபதிகளில் ஆர்மண்ட் அராபியன் மட்டும் மாறுபட்டார். வீட்டுக்குள் அமைதியாக இருக்கும், அடுத்தவருக்குத் தெரியவே தெரியாத பிராணிக்குத் தடை விதிப்பது தன்னிச்சையானது என்றார். பிராணிகள் மனிதருக்குத் தரும் துணையை, குறிப்பாக முதியவர்களுக்குத் தருவதை, பெரும்பான்மை எடையிலேயே வைக்கவில்லை என்றார். அவர் வாதத்தில் உணர்ச்சி தூக்கல்தான். ஆனால் அதற்குள் ஒரு கூர்மையான கேள்வி இருக்கிறது: குடியிருப்புக்கு என்ன நன்மை? லேக்சைட் விதியில் பறவைக்கு அனுமதி உண்டு. விடிகாலையில் கத்தும் கிளி வைக்கலாம், சோபாவில் தூங்கும் பூனை வைக்கக் கூடாது என்றால், சத்தத்தைக் காரணம் காட்டுவது ஓட்டையாகத்தான் தெரிகிறது. பெரும்பான்மையின் முறைப்படி விதி துல்லியமாக இருக்கத் தேவையில்லை, தொடர்பு இருந்தால் போதும் என்பதால் அந்த ஓட்டை வழியாக வழக்கு தப்பவில்லை.

சட்டமன்றம் வந்து மாற்றியது

நீதிமன்றக் கதவு இப்படி ஒடுங்கிய பிறகு உரிமையாளர்களுக்கு மிஞ்சியது சட்டமன்றம். 2000-இல் அது நிறைவேற்றிய பிரிவு, 2001 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலில் 1360.5, இப்போது 4715. அதன்படி, நியாயமான விதிகளுக்கு உட்பட்டு, உரிமையாளர் குறைந்தது ஒரு வளர்ப்புப் பிராணியை வைத்துக்கொள்வதைச் சங்கத்தின் ஆவணம் தடுக்க முடியாது. பிராணி என்றால் வளர்ப்புப் பறவை, பூனை, நாய், தொட்டியில் வளரும் நீர்வாழ் உயிரினம். அல்லது சங்கமும் உரிமையாளரும் ஒப்புக்கொண்ட வேறொன்று. எண்ணிக்கையைக் குறைத்துச் சங்கம் புது விதி போட்டாலும், பழைய விதிப்படி ஏற்கனவே வைத்திருப்பவற்றை அகற்றச் சொல்ல முடியாது.

இதில் பலர் தடுமாறும் இடம் தேதி. 2001 ஜனவரி 1-க்குப் பிறகு எழுதப்பட்ட, திருத்தப்பட்ட அல்லது வேறு வகையில் மாற்றப்பட்ட ஆவணங்களுக்கே இந்தப் பிரிவு பொருந்தும். அதற்கு முன் எழுதி, பிறகு கைவைக்காத பிரகடனத்தில் பழைய முழுத்தடை இன்னும் உயிரோடு இருக்கும். அதே பிரகடனத்தை வாகன நிறுத்தத்துக்காகவோ வாடகைக்காகவோ 2001-க்குப் பிறகு திருத்தியிருந்தால், பிராணிப் பத்தியில் ஒரு எழுத்தும் மாறாவிட்டாலும் தடையைத் தாங்கிப் பேசுவது சங்கத்துக்குக் கடினமாகிவிடும். ஆகவே கவுண்டி பதிவாளர் அலுவலகத்தில் மூலப் பிரகடனத்தோடு நிறுத்தாமல், பதிவான எல்லாத் திருத்தங்களின் நகலையும் எடுக்க வேண்டும்.

பிராணிகள் மட்டுமல்ல, வேறு பலவற்றிலும் இதே போக்குதான். சங்கங்கள் ஒன்றைத் தடுக்கும், நீதிமன்றம் கைவிரிக்கும், சட்டமன்றம் தனிப் பிரிவு போட்டு விடுவிக்கும். வணிக நோக்கமில்லாத அறிவிப்புப் பலகை 9 சதுர அடி வரை, கொடி 15 சதுர அடி வரை வைக்கலாம்: பிரிவு 4710. மின்வாகன சார்ஜர்: 4745. தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடிகள்: 4735. வாடகைக்கு விடுவதை மொத்த வீடுகளில் 25 சதவீதத்துக்குக் கீழே மட்டுப்படுத்தக் கூடாது: 4741. வாசல் கதவிலும் நிலைப்படியிலும் மத நம்பிக்கையால் வைக்கும் பொருள்: 4706. வாசலில் தோரணம் கட்டுகிற நம்மவர்களுக்குக் கடைசிப் பிரிவு நேரடியாக உதவும். ஆனால் அளவு வரம்பு உண்டு, கதவையும் நிலையையும் தாண்டினால் உதவாது. காண்டோவின் நடைபாதை பெரும்பாலும் பொது இடம். அங்கே போடும் கோலத்துக்கும் செருப்பு அலமாரிக்கும் இந்தப் பிரிவு துணை வராது.

பின்னால் வந்த திருத்தம் முன்னால் வாங்கியவரைக் கட்டுமா

நார்ஸ்டெட் விட்டுவைத்த கேள்வி இது. வாங்கும்போது பிரகடனத்தில் தடை இல்லை. பிறகு உறுப்பினர்கள் வாக்களித்துச் சேர்த்தார்கள். 2004-இல் ‘வில்லா டி லாஸ் பால்மாஸ் எதிர் டெரிஃபாஜ்’ வழக்கில் பதில் வந்தது. பாம் டெசர்ட்டில் சிறிய காண்டோ குடியிருப்பு. உரிமையாளர் 1995-இல் வாங்கியபோது பிராணித் தடை பதிவாகாத வெறும் விதியாக இருந்தது. 2000 ஜனவரியில் சங்கம் அதைப் பிரகடனத்திலேயே சேர்த்துப் பதிவு செய்தது. முறைப்படி நிறைவேறிப் பதிவான திருத்தம் பழைய உரிமையாளரையும் கட்டும், அதே அனுமானத்தோடு கட்டும் என்றது உச்ச நீதிமன்றம். சங்கத்தின் வழக்கறிஞர் கட்டணமும் உரிமையாளர் தலையில் விழுந்தது.

நான் வாங்கியபோது இல்லையே என்ற வாதம் இனி எடுபடாது. எடுபடக்கூடியது, திருத்தம் முறைப்படி நடந்ததா என்பது. பிரகடனம் கேட்கும் சதவீத வாக்கு கிடைத்ததா, வாக்கெடுப்பு ரகசிய வாக்குச் சீட்டில் நடந்ததா, சான்றளித்துப் பதிவாயிற்றா என்று பிரிவு 4270-ஐ வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும்.

நிர்வாகக் குழுவின் விதிக்கு வேறு தராசு

பிரகடனத்தில் இல்லாமல் குழு போட்ட விதி என்றால் ஆட்டம் மாறுகிறது. பிரிவு 4350 ஐந்து நிபந்தனைகள் வைக்கிறது: எழுத்தில் இருக்க வேண்டும்; போடும் அதிகாரம் குழுவுக்குச் சட்டமோ ஆவணமோ கொடுத்திருக்க வேண்டும்; சட்டத்தோடும் மேல் ஆவணங்களோடும் முட்டக் கூடாது; நல்லெண்ணத்தோடும் சட்டம் சொன்ன நடைமுறைப்படியும் போட்டிருக்க வேண்டும்; நியாயமானதாக இருக்க வேண்டும்.

நடைமுறை இது. வீட்டின் அல்லது பொது இடத்தின் பயன்பாடு, அபராதப் பட்டியல் போன்றவற்றில் விதி மாறுவதற்குக் குறைந்தது 28 நாள் முன்பு, உத்தேச விதியின் வாசகத்தையும் அதன் நோக்கத்தையும் உறுப்பினர்களுக்கு அறிவிக்க வேண்டும். கருத்துகளைக் கேட்டபின் குழுக் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். முடிவெடுத்த 15 நாளுக்குள் மறுபடி அறிவிப்பு. அவசர விதி என்றால் முன்னறிவிப்பு வேண்டாம். ஆனால் 120 நாளுக்கு மேல் உயிர் இல்லை. விதி பிடிக்காத உறுப்பினர்கள் 5 சதவீத வீடுகளின் கையெழுத்தோடு அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் சிறப்பு வாக்கெடுப்பு கேட்கலாம். அங்கே விதி தோற்றால் ஓராண்டுக்கு அதே விதியைக் குழு திரும்பக் கொண்டுவர முடியாது. 530 வீடுகள் என்றால் 27 வீடுகள் போதும். இந்த 30 நாளைத் தூங்கிக் கழித்துவிட்டு ஆறு மாதம் கழித்து வழக்கறிஞரைத் தேடுபவர்களே அதிகம்.

குழுவுக்கு நீதிமன்றம் மரியாதை தரும் இடமும் உண்டு. 1999-இல் ‘லாம்டன்’ வழக்கில், கரையானுக்குக் கட்டடம் முழுவதும் புகைமூட்டம் போடாமல் பாதித்த இடத்தில் மட்டும் மருந்தடிப்பது என்று குழு முடிவு செய்தது. விசாரித்து, நல்லெண்ணத்தோடு, பராமரிப்பு குறித்து எடுத்த முடிவில் தலையிட மாட்டோம் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் 2008-இல் ‘எக்ஸ்ட்ரோம்’ வழக்கில் குழு இதையே கேடயமாகப் பிடித்தபோது அது உதவவில்லை. காட்சியை மறைக்கும் எல்லா மரங்களையும் கூரை உயரத்துக்கு வெட்ட வேண்டும் என்று பிரகடனம் சொல்ல, பனை வகை மரங்களுக்குக் குழு விலக்கு கொடுத்திருந்தது. மேல் ஆவணம் தெளிவாகச் சொல்வதை மாற்ற குழுவுக்கு விருப்புரிமையே இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது.

அதே பூனைகள் இன்று வந்தால்

லேக்சைட் நிகழ்வு இன்று நடப்பதாக வைத்துக்கொள்வோம். பிரகடனம் 2001-க்குப் பிறகு திருத்தப்பட்டது என்றும் கொள்வோம். ஒரு பூனை சட்டப்படி பாதுகாப்பாக இருக்கும். மற்ற இரண்டுக்கும் 4715 உதவாது. அவற்றுக்கு நார்ஸ்டெட் அளவுகோலே இன்றும் பொருந்தும்.

அபராதம் போடச் சங்கம் செய்ய வேண்டியது இன்று மிகவும் இறுக்கமாகியிருக்கிறது. முதலில் அபராதப் பட்டியல் உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே போயிருக்க வேண்டும். பிறகு விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பு, தனிப்பட்ட முறையில் அந்த உறுப்பினருக்கு அறிவிப்பு: தேதி, நேரம், இடம், என்ன மீறல், வந்து பேசும் உரிமை உண்டு என்ற வாசகம். உறுப்பினர் கேட்டால் மூடிய கூட்டத்தில் விசாரிக்க வேண்டும். கூட்டத்துக்கு முன்பே மீறலைச் சரிசெய்துவிட்டால் அபராதம் போட முடியாது. முடிவை 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் நடவடிக்கை அந்த உறுப்பினர் மீது செல்லாது என்று பிரிவு 5855 சொல்கிறது.

2025 ஜூன் 30 அன்று கையெழுத்தாகி உடனே அமலான திருத்தம் பெரிய மாற்றம். ஒரு மீறலுக்கு அபராதம் பட்டியலில் உள்ள தொகை அல்லது 100 டாலர், இரண்டில் குறைவானது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு வரக்கூடிய மீறல் என்றால் கூடுதலாகப் போடலாம். ஆனால் அந்தக் கேடு என்ன என்பதை எழுத்தில் குறித்து, திறந்த கூட்டத்தில் குழு முடிவு செய்ய வேண்டும். அபராதத்தின் மேல் தாமதக் கட்டணமோ வட்டியோ கிடையாது. தொடரும் மீறலை ஒன்றாக எண்ணுவதா, மாதத்துக்கு ஒன்றாக எண்ணுவதா என்பதில் இரு தரப்பும் வாதாடிக்கொண்டிருக்கின்றன. சங்கம் ஒவ்வொரு மாதத்துக்கும் தனி அறிவிப்பும் தனி விசாரணையும் நடத்தியிருந்தால் அதன் வாதம் பலம் பெறும். ஒரே கடிதத்தில் ‘தினம் 100 டாலர் ஓடும்’ என்று எழுதியிருந்தால் அது மிகவும் பலவீனம்.

அபராதம் கட்டாவிட்டால் வீட்டை ஏலம் விடுவோம் என்ற மிரட்டல் கடிதம் வந்தால் பிரிவு 5725-ஐப் பார்க்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை அபராதத்தை மாதக் கட்டணமாகக் காட்டி, நீதிமன்றத்துக்கு வெளியே ஏலம் விட முடியாது. மாதக் கட்டண பாக்கி வேறு கதை. 1,800 டாலரைத் தொட்டாலோ 12 மாதத்தைத் தாண்டினாலோ வீடே ஆபத்தில் விழும். ‘சண்டை முடியும்வரை மெயின்டனன்ஸ் கட்ட மாட்டேன்’ என்று நிறுத்துவது உரிமையாளர் செய்யும் தவறுகளிலேயே மிகவும் விலை கூடியது. அபராதத்தை மறுத்துக்கொண்டே மாதக் கட்டணத்தைத் தவறாமல் கட்ட வேண்டும். காசோலையிலோ இணையக் கட்டணக் குறிப்பிலோ அது எந்த மாதத்துக்கான கட்டணம் என்று எழுத வேண்டும்.

அடுத்து, எழுத்தில் ஒரு சந்திப்புக் கோரிக்கை. தனக்கென்று வேறு நடைமுறை வகுக்காத சங்கம், உறுப்பினர் கேட்டால் உட்கார்ந்து பேச மறுக்க முடியாது; அதற்குக் கட்டணமும் கேட்க முடியாது. அங்கே எட்டிய உடன்பாட்டை எழுதி இருவரும் கையெழுத்திட்டால் கட்டுப்படுத்தும். “ஏற்கனவே உள்ள மூன்று பூனைகளும் ஆயுள் முடியும்வரை இருக்கலாம், புதிதாகச் சேர்க்கக் கூடாது” என்ற வகை உடன்பாடுகள் இந்த மேசையில்தான் பிறக்கின்றன. நீதிமன்றத்தில் அப்படி நடுவழி கிடைக்காது. அது பலிக்காவிட்டால், விதியை அமல்படுத்தும் பெரும்பாலான வழக்குகளுக்கு முன் மத்தியஸ்தம் கோரி முறையான அறிவிப்பு தர வேண்டும். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் மறுத்ததாகக் கொள்ளப்படும். ஏற்றால் 90 நாளில் முடிக்க வேண்டும். மறுத்தவருக்குப் பின்னால் விலை உண்டு: பிரிவு 5975-இன்படி வென்றவருக்கு வழக்கறிஞர் கட்டணம் கிடைக்கும், அந்தத் தொகையை நிர்ணயிக்கும்போது மத்தியஸ்தத்தை மறுத்தது நியாயமா என்று நீதிபதி பார்க்கலாம். பூனைக்காகத் தொடங்கிய வழக்கு கட்டணத்துக்காக நடப்பதாக மாறுவது இந்தப் பிரிவால்தான்.

உடல் அல்லது மனநலக் குறைபாட்டுக்கு உதவும் பிராணி என்றால் மேலே சொன்னது எதுவும் தடையாகாது. மத்தியச் சட்டமும் மாநிலப் பாகுபாட்டுத் தடுப்புச் சட்டமும் சங்கத்தின் பிரகடனத்துக்கு மேலே நிற்கின்றன. 2004-இல் ‘ஆபர்ன் வுட்ஸ்’ வழக்கில், மனச்சோர்வால் அவதிப்பட்ட தம்பதிக்குச் சிறிய நாயை மறுத்தது பாகுபாடு என்ற மாநில ஆணையத்தின் முடிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் நிலைநிறுத்தியது. ஆனால் இணையத்தில் வாங்கிய சான்றிதழைக் கொண்டு வந்து நிற்பவர்கள் இந்த வழியைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். 2022 முதல், மன ஆதரவுக்காக வைக்கும் நாய்க்குக் கடிதம் தரும் மருத்துவர் அதற்குக் குறைந்தது 30 நாள் முன்பிருந்தே அந்த நபருக்குச் சிகிச்சை அளித்து வந்திருக்க வேண்டும்.

மாநிலம் மாறினால்

கலிஃபோர்னியாவின் பிரிவு எண்ணோடு வேறு மாநிலத்தில் போய் நின்றால் பயனில்லை. ஃபுளோரிடாவில் தனிவீட்டுக் குடியிருப்புகளுக்கு 720-ஆம் அத்தியாயம், காண்டோக்களுக்கு 718. அங்கே அபராதத்துக்கு 14 நாள் அறிவிப்பு வேண்டும்; குழுவோடு தொடர்பில்லாத குறைந்தது மூன்று உறுப்பினர் கொண்ட தனிக் குழு ஒப்புக்கொள்ளாவிட்டால் அபராதம் கிடையாது. கலிஃபோர்னியாவில் குற்றம் சாட்டும் குழுவே தீர்ப்பும் சொல்கிறது; இந்த ஒரு விஷயத்தில் ஃபுளோரிடாவின் ஏற்பாடு மேல். டெக்சாஸில் சொத்துச் சட்டத் தொகுப்பின் 209-ஆம் அத்தியாயம்: அபராதத்துக்கு முன் சான்றிட்ட அஞ்சலில் அறிவிப்பு, சரிசெய்ய நியாயமான அவகாசம், 30 நாளுக்குள் விசாரணை கேட்கும் உரிமை.

வாங்கப் போகிறவருக்குக் கலிஃபோர்னியா தரும் கருவி பிரிவு 4525. விற்பவர் பிரகடனம், துணைவிதி, நடைமுறை விதிகள், கட்டணம் மற்றும் பாக்கி விவரம், தீர்க்கப்படாத விதிமீறல் அறிவிப்பு ஆகியவற்றைக் கைமாற்றத்துக்கு முன் தர வேண்டும். எழுத்தில் கேட்டால் சங்கம் 10 நாளுக்குள் அவற்றை வழங்க வேண்டும். இந்தக் கட்டு வழக்கமாக எஸ்க்ரோவின் (விற்பனை முடியும்வரை பணமும் பத்திரமும் நடுநிலையான மூன்றாம் தரப்பிடம் இருக்கும் காலத்தின்) நடுவில், பல நூறு பக்க பிடிஎஃப்களாக வந்து விழும். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் மூன்று இடங்களை மட்டுமாவது திறந்து பார்க்கலாம்: பிரகடனத்தில் ‘பயன்பாட்டுக் கட்டுப்பாடுகள்’ என்ற அத்தியாயம், கடைசியாகப் பதிவான திருத்தத்தின் தேதி, நடப்பு ஆண்டின் அபராதப் பட்டியல். ஒப்பந்தத்தில் உள்ள ஆய்வுக் காலம் முடிவதற்குள் பார்த்தால்தான் பின்வாங்க முடியும். கையெழுத்தானபின் அந்தப் பத்திகள் அனைத்தும் வாங்கியவருக்குத் தெரிந்தவை ஆகிவிடும்.